குடத்தின் வாய்க்கு ஒரு துணி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மருத்துவ முகாமை முடித்த கையோடு சாப்பிடக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் டாக்டர் அவர்களே, பள்ளிக்கூடத்துத் திடலைத் தந்த தலைமையாசிரியர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றதும் வெள்ளைப் பருத்தித் துண்டாகப் போர்த்திய இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, முன்வரிசையில் குழந்தைகளோடு இருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர், காற்று, நம்முடைய பழக்கவழக்கம், இந்த மூன்றும் உடம்பை எப்படி ஆக்குகின்றன, அழிக்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். தண்ணீரில் தொடங்குகிறேன். 'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள். அந்தக் கந்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியப்பாவுக்குக் கணுக்காலில் ஒரு கொப்புளம். நெருப்பை அள்ளி வைத்தாற்போல் எரிச்சல். மனிதர் என்ன செய்வார்? நேராகப் படிக்கேணியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்பார். 'அப்பாடா' என்பார். கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி என்கிற புழு! வைத்தியர் அதன் நுனியை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடைதான் சுற்றலாம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், அப்புறம் காலெல்லாம் சீழ். முகூர்த்தத்தன்றும் முழுசாக வெளியே வரவில்லை. வேட்டிக்கடியில் குச்சியைக் கட்டிக்கொண்டே பெரியப்பா தாரை வார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி, "சம்பந்தி காலில் என்ன?" என்று கேட்க, பெரியம்மா சட்டென்று, "குலசாமிக்கு வேண்டுதல்" என்றார். பந்தலில் பாதிப்பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்!

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றைக்குப் பந்திக்குத் தண்ணீர் மொண்டது அதே கேணியில். மறு வருஷம் அதே மாதம் எங்கள் தெருவில் நாலு பேருக்குக் கொப்புளம். அதில் ஒருத்தி எங்கள் அக்கா. தலைப்பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கால் ஊன்ற முடியாமல் கிடந்தாள்.

ஏன் சரியாக ஒரு வருஷம்? தண்ணீரில் கால் பட்டதும் புழு தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் விடும். சைக்ளோப்ஸ் என்கிற கண்ணுக்கு எட்டியும் எட்டாத நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியை நாம் தண்ணீரோடு குடிப்போம். உடம்புக்குள் ஒரு வருஷம் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்கூட ஆகி, காலைத் துளைத்து வரும். இதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

ஆனாலும் இந்தியாவில் நோய் ஒழிந்தது. ஒழிப்புத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. படிக்கேணிகளை இறைகிணறாக்கினார்கள், கைப்பம்பு போட்டார்கள், துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். 1996இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கந்தையானாலும் கசக்கிக் குடத்தின் வாயில் கட்டு! அந்தத் துணிதான் பூச்சியைப் பிடித்தது.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். ஊருணியில் குப்பை, வரத்துக்காலில் சீமைக்கருவேலம். அந்தத் தண்ணீரை இன்று யார் வாயில் வைப்பார்கள்? அதனால் வண்டித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, வாசலில் நீல டிரம்மில் வாரக்கணக்கில் நிறுத்துகிறோம். மீன் துள்ளும் ஊருணி டெங்குக் கொசுவுக்கு ஆகாது, மூடாத டிரம்தான் அதற்குத் தொட்டில். தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டை டிரம் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள், வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு!

டிரம்மைக் கழுவுவது இன்றைய வேலை. டிரம்மே தேவைப்படாமல் செய்ய ஊருணியை மீட்க வேண்டும். தூர் வாரி, கரையில் வேலி போட்டு, ஆடுமாடும் காலும் உள்ளே இறங்காமல் காக்க வேண்டும். காற்றைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன், நேரமாகிவிட்டது. தலைவர் அம்மாவிடம் ஒரே வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபையில் ஊருணிக்கு வேலி என்பது முதல் தீர்மானமாக வர வேண்டும். மனுவைத் திடல் வாசலில் மேசை மீது வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எனக்குப் போர்த்திய துண்டை இங்கே தண்ணீர்ப் பானையின் வாயில் கட்டிவிட்டு நானும் வருகிறேன்.