விலை போகாத மாடுகளும் நம் நீலச் சட்டையும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மாவட்டக் கால்பந்துச் சங்கப் பொறுப்பாளர்களே, இங்கே அமர்ந்திருக்கும் தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனியாக மஞ்சள் அட்டை காட்டிய பெருமைக்குரிய ஓய்வுபெற்ற நடுவர் ஐயா அவர்களே, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த உரிமையாளர் அவர்களே, எனக்கு முன் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்டுப் போன தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, கேலரியில் என் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்திய பேரவைச் செயலாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மண்டப உரிமையாளரின் தந்தையார் அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர் என்பதை இன்றுதான் அறிந்தேன். அவருக்கும் என் வணக்கம். தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் நான்கைந்து நிமிடம் இப்போதே போய்விட்டது என்று அவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது.

நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி. பற்றி மூன்று செய்திகளைப் பேசுவதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, வீரர்கள். இரண்டு, அணி மாற்றங்கள். மூன்று, நம் எதிரணிகள். இந்த மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே ஒரு பழமொழிதான் இருக்கிறது. என்னோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது ஏற்கெனவே சலித்திருக்கும். உள்ளூர் மாடு விலை போகாது.

வீரர்களிலிருந்து தொடங்குகிறேன். 2014இல் அணி பிறந்தது. முதல் பருவத்திலேயே பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து, ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீகிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு கொலம்பியாவின் மெண்டோசா 13 கோல். கோவாவில் நடந்த அந்த ஆண்டின் இறுதிப்போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1 எனப் பின்தங்கியிருந்தோம். எதிரணி கோல்கீப்பரின் சுயகோல் ஒன்று, மெண்டோசாவின் கோல் ஒன்று. கண்ணை மூடித் திறப்பதற்குள் 3-2, கோப்பை நம் கையில். பயிற்சியாளர் இத்தாலியின் மாத்தராத்சி. அவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன். வெளிநாட்டு வீரரே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். பிரேசிலின் தடுப்பாட்டக்காரர் மைல்சனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

மைல்சன் என்றதும் இங்கே பலர் சிரிக்கிறீர்கள். அந்தக் கதை வேண்டும் என்பது தெரிகிறது. சரி, சொல்கிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும்.

2018 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதிப்போட்டி. லீக் ஆட்டங்களில் பெங்களூரு 40 புள்ளி, நாம் 32. அவர்கள் ஊர், அவர்கள் மைதானம், அவர்கள் கேப்டன் சேத்ரி. எனக்கு டிக்கெட் வாங்கித் தந்த நண்பர் எந்த வாசல், எந்தப் பகுதி என்று ஒன்றும் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, சுற்றிலும் அவர்கள் ஆட்கள். நல்லவேளை, அவர்களுக்கும் நீலம், நமக்கும் நீலம். எந்த நீலம் எவருடையது என்று அந்த நெரிசலில் யார் பார்க்கப் போகிறார்கள்? கைகளைக் கட்டிக்கொண்டு, மார்பில் இருந்த சின்னத்தை மறைத்தபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் மஃப்ளர். "எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கெங்கேரி" என்றேன். பெங்களூரில் கெங்கேரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது நிமிடம், சேத்ரி கோல். அரங்கமே எழுந்தது. முன்னால் நின்ற இளைஞன் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் கட்டிப்பிடித்தேன், வேறு வழி? பதினேழாவது நிமிடம், நமக்குக் கார்னர். மைல்சன் எழும்பினார், தலையால் முட்டினார், கோல். எனக்குள் எழுந்த கூச்சலை அடக்கப் பட்ட பாட்டை நான்தான் அறிவேன். இருமினேன். அந்தப் பெரியவரும் இருமினார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே மைல்சன், அதே தலை. மறுபடியும் இருமினேன். பெரியவரும் அதே நேரத்தில் இருமினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மஃப்ளரைக் கொஞ்சம் விலக்கினார். உள்ளே நம் சின்னம். "நான் பெரம்பூர்" என்றார், இப்போது தமிழில். "கெங்கேரியில் எந்தத் தெரு?" என்று வேறு கேட்டார் மனுஷன்.

அறுபத்தேழாவது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ அடித்த கோலுக்கு இருவராலும் இரும முடியவில்லை. எழுந்தே விட்டோம். சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள். செத்தோம் என்று நினைத்தேன். தொண்ணூறு நிமிடம் முடிந்தபின் சேர்த்த நேரத்தில் அவர்களின் மிக்கு ஒன்றைத் திருப்பி அடித்தபோது, முன்பு என்னைக் கட்டிப்பிடித்த அதே இளைஞன், "இன்னும் முடியவில்லை, கெங்கேரி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். முடிந்தது. 3-2. அழுதுகொண்டிருந்த அந்தப் பையன்தான் எங்கள் இருவரையும் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸைக் காட்டிவிட்டுப் போனான். மூன்றாவது தலைப்பான எதிரணிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிட்டது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் கூட்டத்தைப் பற்றி நேரம் இருந்தால் வருகிறேன்.

அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மைல்சனைப் பேசுகிறார்கள், நானும் இப்போது அதைத்தான் செய்தேன். இறுதிப்போட்டிக்கு நம்மைக் கொண்டுபோன அரையிறுதியை யார் பேசுகிறார்கள்? கோவாவுக்கு எதிராக, நம் நேரு மைதானத்தில், 3-0. மிசோரமின் ஜேஜே இரண்டு அடித்தார். மற்றொன்றை அடித்தவர் தனபால் கணேஷ், வியாசர்பாடிப் பிள்ளை. பயிற்சியாளர் ஜான் கிரெகரிக்குத் துணையாக இருந்தவர் நம் சையத் சபீர் பாஷா. விளம்பரப் பலகையில் இவர்கள் முகத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? கை தூக்குங்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள், ஒருவரும் தூக்கவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது.

இது புதுக்கதையும் அல்ல. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் 1960இல், ரோமில், பெரு அணிக்கு எதிராக. அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ், தஞ்சாவூர்க்காரர். தஞ்சாவூரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அணி மாற்றத்துக்கு வருகிறேன். 2019-20 பருவத்தில் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். பாதியில் வந்த பயிற்சியாளர் ஓவன் கோய்ல், தேறாது என்று எல்லோரும் கைவிட்ட அணியை இறுதிப்போட்டிவரை இழுத்துச் சென்றார். பருவம் முடிந்ததும் பயிற்சியாளரும் ஜாம்ஷெட்பூர் போனார், கோல் அடித்தவரும் ஜாம்ஷெட்பூர் போனார். பிறகு இருவருமே ஆளுக்கொரு காலத்தில் திரும்பி வந்தார்கள் என்பது வேறு விஷயம். இடையில் கோய்ல் அங்கே லீக் கேடயத்தையே வென்று கொடுத்துவிட்டார். 2023இல் நம் கேப்டன் அனிருத் தாபா கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். பையனாக வந்து நம் சட்டையில் ஆளானவர். அதே கோடையில் கேரளா தன் சொந்த மண்ணின் வீரர் சஹல் அப்துல் சமதை அதே மோகன் பகானுக்குக் கொடுத்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

போகிறவர்களைத் தடுக்க முடியாது. வீரனுக்குக் கால் இருக்கும்வரைதான் சம்பாத்தியம். என் கேள்வி, வராதவர்களைப் பற்றியது. 2020 இறுதிப்போட்டியில் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 எனத் தோற்றோமே, அந்த ஏடிகே அணியில் இருந்தவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். 2023இல் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்தி, அதே ஊர் எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்கு நாலாண்டுக்கும் மேலாக இருந்த டெர்பி வெற்றி ஏக்கத்தைத் தீர்த்த கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். நம் சென்னைப் பையன். கொல்கத்தா அவரைத் தோளில் தூக்கியது. கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக் என்ற மற்றொரு தேசிய லீகை வென்ற அதே பருவத்தில், நாம் ஐஎஸ்எல்லில் 9 புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்தோம். இதற்கு மேலும் நான் அந்தப் பழமொழியைச் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். உள்ளூர் மாடு விலை போகாது. வெளியூர்ச் சந்தையில் மட்டும் போகும்.

நான் இங்கே வந்ததன் நோக்கம் இனித்தான் வருகிறது, தலைவர் மணியை அடிக்க வேண்டாம். ஃபிஃபாவில் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன்னர் நாடுவிட்டு நாடு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த அணிகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை சதவீதம். ஒரு பையனைப் பன்னிரண்டு வயதில் சேர்த்து, பதினேழு முடியும்வரை வளர்த்த பேட்டை அணிக்கு 2 சதவீதம். ஒரு கோடிக்கு 2 லட்சம். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் விடியற்காலையில் பிள்ளைகளை ஓடவிடும் பயிற்சியாளருக்கு 2 லட்சம் என்றால் என்னவென்று அந்த மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து, காலணி, கோல் வலை, மழையில் கரைந்த கோட்டைப் போடச் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்கு முட்டை. பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்ற சேது எஃப்.சி. மதுரைக்காரர்கள். அந்தப் பெண்கள் வளர்ந்த மைதானங்களின் நிலையும் இதுதான்.

எனவே நம் பேரவை இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. சென்னையின் அணி, தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரை எடுக்கும்போதும் விற்கும்போதும், விதி கட்டாயப்படுத்தினாலும் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அவரை வளர்த்த பேட்டை அணிக்கு அந்த 5 சதவீதக் கணக்கில் பங்கு கொடுக்க வேண்டும். அடுத்தது, மாநகராட்சி மைதானங்களில் மாலை ஐந்திலிருந்து ஏழுவரை பிள்ளைகளின் கால்பந்துக்கென்று ஒதுக்க வேண்டும், பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது. பொதுக்கூட்ட மேடையில் நின்றுகொண்டே இதைச் சொல்வதை அம்மையார் மன்னிக்க வேண்டும்.

லீகை நடத்தும் ஒப்பந்தம் உறுதியாகாமல், லீகே நடக்குமா என்று 2025இல் நாம் தவித்துக் கிடந்தபோது, மைதானத்துக்குப் போய்ப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். ஒப்பந்தக் காகிதம் எதுவும் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

கேரளாவைப் பற்றி நேரம் இல்லை. கொச்சிக்குப் போகும்போது பேசிக்கொள்ளலாம், அங்கே போய் நாம் பேச வேண்டியதே இல்லை, அவர்களே பேசிவிடுவார்கள்.

வாசலில் இடதுபுறம் மேசை போட்டிருக்கிறோம். கோரிக்கை மனுவின் நகல் அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெயரோடு, நீங்களோ உங்கள் பிள்ளையோ ஆடிய பேட்டை அணியின் பெயரையும் எழுதுங்கள், அணி இன்று இல்லாமல் போயிருந்தாலும் எழுதுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால்தான் மனுவுக்குக் கனம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனித் தாள். முதல் கையெழுத்தை அம்மையார் இட இசைந்திருக்கிறார்கள். இதை இப்போதுதான் நானாக அறிவிக்கிறேன், அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அடுத்துப் பேச நடுவர் ஐயா காத்திருக்கிறார். விசில் அவர் பையில்தான் இருக்கிறது, அதனால் நான் இறங்கிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.