வீட்ல ஆள் இருக்கும்போதும் அது முழிச்சிருக்கணும்

வணக்கம் நேயர்களே. நான் கோயம்புத்தூர் பக்கம் வீடுகளுக்கு திருட்டு அலாரம் மாட்டுற வேலைங்க, 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஸ்மோக் டிடெக்டரையும் அதோட சேர்த்து மாட்டிக்கலாமான்னு இப்ப நிறைய பேர் கேக்கறாங்க. தாராளமா மாட்டலாம், ஆனா எப்படி சேர்க்கறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஒரு வீட்ல, வேற யாரோ மாட்டிக் குடுத்த சிஸ்டம், ஒரு வாரமா ராத்திரி அலாரம் ஆன் ஆகவே மாட்டேங்குதுன்னு கூப்பிட்டாங்க. போய் அண்ணாந்து பார்த்தா ஹால் சீலிங்ல இருக்கற ஸ்மோக் டிடெக்டர்ல சிவப்பு லைட் அணையாம எரிஞ்சுட்டே இருக்கு. சும்மா இருக்கறப்ப அது சில செகண்டுக்கு ஒருதடவை மின்னும், அவ்ளோதான், நிலையா எரியுதுன்னா புகையைப் பார்த்துடுச்சுன்னு அர்த்தம், அந்த மாடல்ல பவரை ஒருதடவை கட் பண்ணிக் குடுக்கற வரைக்கும் அந்த லைட் போகாது. அந்த அம்மாகிட்ட கேட்டேன். "ஆமா கண்ணு, போன வாரம் பூஜை ரூம்ல விளக்கு பட்டு ஸ்க்ரீன் பத்திக்கிச்சு, ஹால் பூரா புகை, அவருதான் ஓடிப்போய் தண்ணி ஊத்தி அணைச்சாரு"ன்னாங்க. அலாரம் கத்தலைங்களாம்மான்னேன். "நாங்க வீட்லதானே இருந்தோம், ஆஃப் பண்ணியில்ல வெச்சிருந்தோம்"னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலைங்க.

என்ன ஆச்சுன்னா, கதவு திறந்தா சொல்ற மேக்னெட் இருக்கற மாதிரியே சாதாரண ஜோன்ல, அதாவது அலாரத்தை ஆன் பண்ணியிருந்தா மட்டும் கவனிக்கற லைன்ல, ஸ்மோக் டிடெக்டரையும் கோத்து விட்டுட்டாங்க. டிடெக்டர் அதோட வேலையை செஞ்சிருக்கு, எல்லா வயரும் வந்து சேர்ற பேனல் பெட்டிதான் கண்டுக்கல. டிடெக்டர் அப்படியே நின்னுட்டதால, ஏதோ கதவு திறந்தே கெடக்கற மாதிரி எடுத்துக்கிட்டு அப்புறம் ராத்திரி ஆன் ஆகவும் மாட்டேன்னுடுச்சு. கதவு மேக்னெட், மோஷன் சென்சார் எல்லாம் நாம ஆன் பண்ணாதான் வேலை செய்யணும், இல்லேன்னா வீட்டுக்குள்ள நடமாடவே முடியாது, ஆனா தீ நாம வீட்ல சமைக்கறப்பவும் வரும் தூங்கறப்பவும் வரும், அதனால ஸ்மோக் டிடெக்டரை 24 மணி நேர ஃபயர் ஜோன்லதான் போடணும். உங்க வீட்ல இது ஏற்கனவே மாட்டியிருந்தா இன்னைக்கே அலாரத்தை ஆஃப்ல வெச்சுட்டு டிடெக்டர்ல இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. சைரன் கத்தலேன்னா மாட்டினவரை உடனே கூப்பிடுங்க.

அடுத்தது ரெசிஸ்டர்னு ஒண்ணு, கரண்டை அளவா விடற குட்டி பார்ட். லைனோட கடைசி டிடெக்டர்ல இருக்கணும் அது, பேனல் அது வழியா எப்பவும் கொஞ்சூண்டு கரண்ட் விட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும், எலி வயரைக் கடிச்சா உடனே ட்ரபிள்னு காட்டும். இந்த வீட்ல அது பேனல் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு, அப்படி வெச்சா வெளிய வயர் அறுந்தே போனாலும் பேனல் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லும்.

சத்தத்தை நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன். திருடன்னா ரூம் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தே 100க்கு போன் பண்ணணும், தீன்னா எல்லாத்தையும் போட்டது போட்டபடி வெளிய ஓடணும், அப்புறந்தான் 101. ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர். நடுராத்திரி தூக்கக் கலக்கத்துல ரெண்டுக்கும் ஒரே சத்தம் கேட்டா என்ன பண்ணுவீங்க? அதனால தீக்கு மூணு மூணா விட்டு விட்டு அடிக்கற சத்தம், திருட்டுக்கு நிக்காத சைரன், இப்படி செட் பண்ணி வீட்ல குழந்தைங்களுக்கும் கேக்க வெச்சுடுங்க.

சமையல்கட்டுல ஸ்மோக் டிடெக்டர் வேண்டாம், மிளகாய் வறுத்தா போதும் கத்தும், நாலு தடவை கத்துனா கழட்டி வெச்சுடுவாங்க. அங்க ஹீட் டிடெக்டர், 57 டிகிரி பக்கம் போனாத்தான் அடிக்கறது, அதை மாட்டுங்க. சாம்பிராணி போடற இடத்துல இருந்தும் தள்ளி வெக்கணும். ஷார்ட் சர்க்யூட்ல மெயின் ட்ரிப் ஆயிட்டா பேனல் உள்ள இருக்கற 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் நிக்குது, அதையும் அப்பப்ப செக் பண்ணிக்குங்க. டிடெக்டர் 10 வருஷம் ஆனா மாத்திடணும்.

அந்த வீட்ல ஜோனை மாத்தி, ரெசிஸ்டரை டிடெக்டர் பக்கம் கொண்டுபோய், அலாரத்தை ஆஃப்ல வெச்சே டெஸ்ட் பண்ணினேன். மூணு மூணா அடிச்சுது. அந்த ஐயா நேரா கிரில் கேட்டுக்குப் போனாரு, பூட்டியிருக்கு. சாவி எங்கன்னு ரெண்டு பேரும் டிவி மேல, ஷெல்ஃப்ல, அவங்க ஹேண்ட்பேக்ல எல்லாம் தேடறாங்க, சைரன் அடிச்சுட்டே இருக்கு, கடைசில ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு. நான் கிளம்பறதுக்கு முன்னாடி, வெளியில இருந்து கம்பிக்குள்ள கைய விட்டா எட்டாத தூரத்துல, ஆனா புகைல கண்ணு தெரியலேன்னாலும் குனிஞ்சபடியே சுவத்தைத் தடவினா கைக்கு ஆப்படற உயரத்துல ஒரு ஆணி அடிச்சு அந்த சாவியை மாட்டிட்டுத்தாங்க வந்தேன்.