காக்கை மரமும் வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்பும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இந்த நூலக மாடிக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய புலவர் அய்யா அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நகராட்சித் தலைவர் அம்மா போன ஆண்டும் கடைசிவரை இருந்து கேட்டார்கள். அதற்கு என் தனி நன்றி.

ஒரு படம், அதை வரைந்தவர் வளர்ந்த கதை, அந்தக் காலத்து ஜெர்மன் ஓவியம் என்று மூன்று விஷயங்களோடு வந்திருக்கிறேன். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஒளவையார் வாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படத்தின் பெயர் ‘காக்கை மரம்’. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1822 வாக்கில் வரைந்தது. இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் இரண்டடிதான், அகலம் இரண்டரை அடிகூட வராது. நடுவில் ஒரு கருவாலி மரம், ஓக் என்பார்களே அது. ஒட்டிக்கொண்டிருக்கும் சில சருகுகளைத் தவிர இலையே கிடையாது. கிளைகள் முறுக்கிக்கொண்டு, முண்டும் முடிச்சுமாக நாலாபக்கமும் ஓடுகின்றன. பின்னால் அந்தி வானம். கிளைகளில் சில காக்கைகள்; ஒரு கூட்டம் தூரத்திலிருந்து அடைய வருகிறது. மரம் நிற்பது ஜெர்மனியின் ரூகன் தீவில், பழங்காலத்து ஈமமேடு ஒன்றின் மேல். நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கே ஒருநாள் மாலை முழுக்க வாய் திறக்கத் தோன்றவில்லை.

ஃப்ரீட்ரிஷ் 1774-இல், பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்தவர். 1781-இல் தாய் இறந்தபோது பிள்ளைக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. 1787-இல் பனிக்கட்டி உடைந்து தம்பி நீரில் மூழ்கி இறந்தான். அண்ணனைக் காப்பாற்றப் போய்த்தான் அவன் போனான் என்றும் சொல்வார்கள். அப்புறம் 1790 வாக்கில் குவிஸ்டார்ப் என்ற ஓவிய ஆசிரியர் கிடைத்தார். அவர் மாணவர்களை வெளியே கூட்டிப்போய், கண்ணால் பார்த்து வரையச் சொன்னவர். கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் படித்ததும் டிரெஸ்டன் நகரத்தில் குடியேறியதும் அதற்குப் பிறகுதான். சித்திரமும் கைப்பழக்கம்!

எனக்கும் அப்படி ஓர் ஓவிய வாத்தியார் இருந்தார். ஏழாம் வகுப்பு, மாசி மாத வெயில். பள்ளிக்கூட மைதானத்து ஓரம் ஒரு வாகை. இலையெல்லாம் உதிர்ந்து, காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் கலகலத்துக்கொண்டிருக்கும். அதை வரையச் சொன்னார். நாற்பது பேரும் பழைய வழக்கப்படி ஒரு தண்டு போட்டு, மேலே பச்சையை அப்பிவிட்டோம். ஒவ்வொரு நோட்டாக வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அடிமரத்தில் வைத்தார். “தடவிப் பாருடா தம்பி. எங்கே பிரியுது, எங்கே மெலியுதுன்னு கண்ணாலயே ஏறிப்போ” என்றார். ஏறினேன். பெரிய கிளை இரண்டாகி, இரண்டு நாலாகி, நுனியில் நூல்போல ஆகி வானத்தில் கரைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் அதன் நிழலில் சோறு தின்ற பிள்ளை நான். அன்றுவரை அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாத்தியாரும் எழுப்பவில்லை.

இலை மூடிய மரத்தில் தப்பை மறைக்கலாம், மொட்டை மரத்தில் முடியாது. ஃப்ரீட்ரிஷின் கிளைகளைப் பார்த்தபோது அந்த வாகைதான் நினைவுக்கு வந்தது. 1835-இல் பக்கவாதம் வந்து கை தளர்ந்த பிறகும், 1840-இல் இறப்பதற்குச் சில காலம் முன்புவரை வரைந்தார். கைப்பழக்கம் அப்படிப்பட்டது.

சரி, நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எங்கே வரும்? கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஓவியம் என்று இருக்கிறது. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் கைவைப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். தேர்வு நெருங்கினால் மாதக்கணக்கில் கிடையாது. தலைமையாசிரியர் அய்யா, கைகூப்பிக் கேட்கிறேன், அந்த நேரத்தை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பூங்கா ஓரத்து உதியமரம் இலை உதிர்த்து நிற்கிறது. பட்டுப்போனதாக நினைத்து வெட்டச் சொல்கிறார்கள். அது பட்ட மரம் இல்லை, மழை வந்தால் துளிர்க்கும். அதுவரை பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து வரையட்டும்.

ஜெர்மன் ஓவியம் பற்றி இன்னொரு நாள் பேசலாம், நேரமாகிவிட்டது. ஓவிய வகுப்புக்கான கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.