பூட்டிய வீட்டில் இணையம்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பல காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கணினியும் இணையமும் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கின்றனவா என்று பேச அழைத்திருக்கிறார்கள். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நேரம் கொடுத்திருப்பதால் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் போய் முடிகிற வீடு அது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். திருட்டுக்குப் பயந்து முகப்பில் நான்கு கேமரா வைத்தார்கள். அவற்றைச் சென்னையிலிருந்து பார்க்க பிராட்பேண்ட் இணைப்பும் வந்தது. ஆள் இல்லாத வீட்டில் இரவும் பகலும் இணையம்!

அந்த வாசலைக் கூட்டிக் கோலம் போடும் பெண்ணின் மகள் 2020-இல் ஒன்பதாம் வகுப்பு. மார்ச்சில் பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல்போன். அதுவும் அப்பாவுடையது. கொத்தனார் வேலைக்குக் காலையில் அவரோடு போய், இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். காலையில் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தை அதற்குப் பிறகுதான் அவள் பார்க்க வேண்டும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். 2019-இல் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

பெரிய வீட்டுத் திண்ணை விளக்கடியில் உட்கார்ந்து, செல்போனில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலிருந்த கேமரா அவளைச் சென்னைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

நாட்டு நிலவரமும் ஏறக்குறைய இந்தத் திண்ணைதான். 2017-18-இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், கிராமத்தில் 100 வீட்டுக்கு 4 வீட்டில்தான் கணினி, நகரத்தில் 23. 2019-21 குடும்ப நல ஆய்வில், ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர், பெண்கள் 33 பேர். நம் மாநிலத்தில் 2011-இலேயே மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு நேரம் ஏது?

கருவி கிடைத்தாலும் கதை முடிவதில்லை. இ-சேவை மையத்தில் என் முன்னால் நின்ற ஆச்சி ஒருவர், சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எல்லாம் அதில் இருந்தன. ஓடிபி வந்ததும் அதையும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள், வரிசையில் பத்துப் பேர் கேட்க. கல்லாப் பெட்டிச் சாவியை இப்படி யாரிடமாவது கொடுத்திருப்பாரா அவர்?

இதே மண்ணில்தான் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அவ்வளவு பெரிய கொடையெல்லாம் நான் யாரிடமும் கேட்கவில்லை. சென்னையில் இருக்கும் அந்த வீட்டுப் பங்காளிக்குப் போன் போட்டு, "அண்ணே, அந்த இணைப்பைப் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுங்கள்" என்றேன்.

"அடடா, தினமும் பார்க்கிறேன், பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! அவள் அம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். "கேட்டால் வாசல் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன் டீச்சர்" என்றாள்.

இணைப்பின் கடவுச்சொல்லை அண்ணன் அன்றே சொன்னார். இப்போது மாற்றிவிட்டார்கள், அதனால் வெளியே சொல்லலாம்: நிலைக்கதவுக்கு மேலே பொறித்திருந்த அந்த வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள்தான். தினமும் அதற்கு நேர் கீழேதான் அவள் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.