பச்சை குத்திக்கொண்ட ஆறு: ஜூடி பாக்காவின் சுவரோவியங்கள்

[திரையில்: கான்கிரீட் கால்வாய். கேமரா சுவரை ஒட்டி மெதுவாக நகர்கிறது.]

இது ஒரு ஆறு என்று சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஓடும் துஹங்கா வாஷ். வெள்ளம் ஊருக்குள் புகுந்துவிடக் கூடாது என்று ஆற்றையே கான்கிரீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அந்தச் சுவரில்தான் 13 அடி உயரத்துக்கு, 2,754 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் இருக்கிறது. நின்று பார்க்காமல் நடந்தாலே பத்து நிமிடம் ஆகும். பெயர், லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்.

இதை முன்னின்று வரைந்தவர் ஜூடி பாக்கா. 1946-இல் அதே நகரில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். அம்மா வேலைக்குப் போய்விட, பாட்டியின் மடியில் வளர்ந்தவர்.

[திரையில்: பூங்காவில் ஓர் இசை மேடை.]

1970-இல் அவருக்கு நகரப் பூங்காக்களில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் வேலை. பூங்காவில் உட்கார்ந்து டாமினோ ஆடும் பையன்களோடு பேச ஆரம்பித்தார். ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் கால் வைத்தால் கத்தி எடுக்கும் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பகையாளிகளான நான்கு கும்பல்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து, ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் வரைய வைத்தார். எதிர்க் கும்பல் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் வேலையே நடந்தது!

சரி, என்ன வரைந்தார்கள்? ஒரு பாட்டி. இரண்டு கைகளையும் அகல விரித்து 'வாடா கண்ணு' என்று அழைப்பதுபோல. அக்கம்பக்கத்தார் அந்தப் படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள், பூ வைத்தார்கள். அந்தச் சுவர் யாருடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

[திரையில்: வெயிலில் கால்வாய்க்குள் இறங்கும் இளைஞர்கள்.]

பெருஞ்சுவர் வேலை 1976 கோடையில் தொடங்கியது. மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிடும், கோடையில்தான் கால்வாய்க்குள் இறங்க முடியும். விட்டுவிட்டு ஐந்து கோடைகள் வரைந்து, 1983-இல் நிறுத்தினார்கள். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். போலீஸ் வழக்குகளில் சிக்கிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை நடந்தது. வரலாற்றாசிரியர்களை அழைத்துப் பேசினார்கள், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டார்கள். பள்ளிப் பாடத்தில் தங்கள் குடும்பத்தின் கதையே இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இந்த ஓவியத்தின் கதையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

[திரையில்: சுவரின் ஒரு பகுதி, மிக அருகில்.]

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நெடுஞ்சாலை ஒன்று பாம்புபோல நெளிந்து ஒரு குடும்பத்தைச் சுற்றி வளைத்துப் பிரிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் ஏழை மெக்சிகோ குடும்பங்கள் வாழ்ந்தன. வீடு கட்டித் தருகிறோம் என்று 1950-களில் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு வரவில்லை, பேஸ்பால் மைதானம் வந்தது. ஓவியத்தில் அந்த மைதானம் பறக்கும் தட்டுபோல வானத்திலிருந்து இறங்குகிறது. கீழே ஒரு பெண்ணைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகிறது. ஆவணங்களில் பல பக்கங்கள் படித்தாலும் கிடைக்காத வலி இந்தச் சில அடிகளில் இருக்கிறது.

1930-களில் மெக்சிகோவுக்குத் துரத்தப்பட்டவர்கள், போர்க்காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், ரயில் பாதை போட்ட சீனர்கள் என்று எல்லோரும் இந்தச் சுவரில் வரிசையாக வருகிறார்கள்.

அப்புறம், தலைப்பில் சொன்ன பச்சை. பாக்காவுடன் வேலை செய்த ஓர் இளைஞர், கத்திக்குத்துத் தழும்புகளின் மேல் பச்சை குத்திக்கொண்டிருந்தார். ஆறு ஓடிய தடத்தில் இப்போது இருப்பதும் ஒரு தழும்பு, அதன் மேல் குத்திய பச்சைதான் இந்த ஓவியம் என்றார் பாக்கா.

[திரையில்: அருங்காட்சியகக் கூடம். நீளமான துணியில் பாதி வரைந்த முகங்கள்.]

சுவர் சொல்லும் வரலாறு 1950-களோடு நின்றுபோயிருந்தது. அதைத் தொடர்ந்து வரைய 2021-இல் மெலன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. 2023-இல் பாக்காவுக்கு அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களின் கண்ணெதிரேயே அவரும் குழுவினரும் 1960-களை வரைய ஆரம்பித்தார்கள்.