காலிமுகத்திடலில் ஓடலாமா? வெள்ளவத்தை நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. வாசிக்கிறேன். "எனக்கு 43 வயது. பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டாச்சு. சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மேடு பள்ளமில்லாமல், கடலைப் பார்த்தபடி மெதுவாக ஓடக் கொழும்பில் எங்கே போகலாம்? கல் பதித்த தரை முழங்காலுக்குக் கூடாதாமே? பெண் தனியாக ஓடினால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா?"

கடைசிக் கேள்வியில் இருந்தே வருகிறேன், ஏனென்றால் பலரை வீட்டிலேயே மறித்து வைத்திருப்பது அதுதான். காலிமுகத்திடலில் கடலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறதல்லவா, அதை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் அவர் கேட்டுக்கொள்வதாக அதில் எழுதியிருக்கும். குதிரை வண்டியில் வரும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளைத்தான் மனிதர் நினைத்திருப்பார், அது வேறு கதை. எழுதியது எழுதியதுதான். யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் அந்தக் கல்லைக் காட்டுங்கள். உண்மையில் காலை ஆறு மணிக்கு அங்கே உங்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சேலையோடு சப்பாத்தும் போட்டு, கையை வீசி நடக்கும் அம்மாமார்களைப் பார்த்தால் உங்கள் கூச்சம் பாதி அங்கேயே போய்விடும்.

வெள்ளவத்தையில் இருப்பவர் பக்கத்திலேயே இருக்கும் கடலோர வீதியான மரைன் டிரைவை விட்டு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். மரைன் டிரைவில் நடக்கலாம், நல்லது. ஓடுவதென்றால் நடைபாதை ஒரே சீராக இல்லை, வாகனமும் பக்கத்திலேயே போகிறது. இன்னொன்று, கடலுக்குக் கிட்டப் போகும் ஆசையில், அந்த வீதிக்கும் கடலுக்கும் நடுவே போகும் ரயில் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது இரட்டைப் பாதை. முன்னால் வரும் ரயிலுக்கு ஒதுங்கி மற்றத் தண்டவாளத்தில் நிற்பீர்கள், அலைச் சத்தத்தில் பின்னால் வருவது கேட்காது.

ஆகவே காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடித்து காலிமுகத்திடலுக்கே போங்கள். பாதை ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர், போய் வந்தால் ஒரு கிலோமீட்டர். கணக்குப் பார்க்கக் கைபேசி கூடத் தேவையில்லை. ஒன்று மட்டும், வெளிநாட்டு வீடியோக்களில் வருவது மாதிரி வளைந்த குடாவும் எதிர்க்கரையும் இங்கே இல்லை. குடா வேண்டுமென்றால் திருகோணமலை மாதிரி இடங்களுக்குத்தான் போக வேண்டும். இது திறந்த கடல். வடக்குப் பக்கம் துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பிய பிறகு அந்தப் பக்கத்து அடிவானமும் போய்விட்டது.

திறந்த கடல் என்பதால்தான் காற்றைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது. ஊரில் சோளகம் என்போமே, அந்தத் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும். முதல் நாள் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பஸ்ஸில் போனால் தெற்குப் பக்கம், காலிமுக ஹோட்டலடியில்தான் முதலில் இறங்குவோம். இறங்கின கையோடு வடக்கே ஓடினேன். கால் தரையில் படவில்லை, இந்த வயதிலும் நான் விளையாட்டு வீரன்தான் என்று ஒரு நினைப்பு. பழைய பாராளுமன்றக் கட்டடத்தடியில் திரும்பினேன் பாருங்கள், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருந்தது. அவ்வளவு நேரமும் ஓடினது நானில்லை, காற்று. மிச்சத்தை நடந்துதான் வந்தேன்.

நீங்கள் ஹோட்டலடியில் இறங்கி வடக்குப் பக்கம் நடந்தே போங்கள். அந்த ஆறேழு நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். அங்கிருந்து தெற்கே, காற்றுக்கு எதிராக, ஓட்டத்தைத் தொடங்குங்கள். தெம்பு இருக்கும்போது கஷ்டமான பக்கம் முடிந்துவிடும், களைத்த பிறகு காற்றே திருப்பிக் கொண்டுவந்து விடும்.

முழங்காலுக்கு வருவோம். கடினமான தரையில் ஓடும்போது கால் தன் இறுக்கத்தைத் தானாகவே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். எனவே தரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பழக்கமில்லாத கால் ஒரே நாளில் மூன்று கிலோமீட்டர் ஓடினால் புல்லிலும் நோகும். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள், வாரத்தில் மூன்று நாள் போதும். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. கொழும்பின் ஈரப்பதனில் வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடு இறங்கவும் நேரமெடுக்கும். வேகம் குறைகிறதே என்று கவலைப்படாதீர்கள். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், அலை தெறித்த இடத்தில் கல் வழுக்கும். சப்பாத்தின் அடி தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

நேரம் காலைதான். வீதிக்கு அந்தப் பக்கம் எழும்பி நிற்கும் உயரக் கட்டடங்களை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் காலை வெயிலை அவைதான் கொஞ்ச நேரம் மறைக்கின்றன. பின்னேரம் வெயில் கடல் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். பட்ட நூலும் பிள்ளைகளும் காலுக்குள் வரும், இறால் வடை வண்டிகளின் வாசனை வேறு. அந்த வாசனையைத் தாண்டி ஓடின ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. சரி, அடுத்த கேள்வி...