"கூட ஆள் இருக்கா?": பெரிய ஆஸ்பத்திரியில் 6 நாள்

வணக்கம் மக்களே, எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? பத்து நாளாக வீடியோ வரவில்லை. "அக்கா, அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கீழே படுத்திருக்கிறார்கள். நான் கேமராவை எடுத்துக்கொண்டு மாடி ஏறும்போதே "செடிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டார்கள். அந்தக் குரல் திரும்ப வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

இன்றைக்கு நம் மாடித் தோட்டம் பற்றிய பேச்சு கிடையாது. பின்னால் கத்தரி வாடிக் கிடப்பது உங்களுக்கே தெரியும், அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஆஸ்பத்திரி பற்றித்தான் பேசப்போகிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். வார்டுக்குள் ஒரு நொடிகூடப் படம் எடுக்கவில்லை. முடியாமல் கிடக்கிறவர்களைப் படம் எடுத்துப் போடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மழை பிடித்த வாரம் அத்தைக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஆகியும் விடவில்லை. கிளினிக்கில் ரத்தம் பார்த்தால் டெங்கு. ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, 42,000-இல் நிற்கிறது. "இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். 108-க்குப் போன் போட்டோம். 2008-இல் நம் மாநிலத்துக்கு வந்த சேவை இது, ஒரு பைசா வாங்கவில்லை. வண்டியில் வந்த தம்பி வழியெல்லாம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே வந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அவசரப் பிரிவில் வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. அத்தைக்கு மஞ்சள். பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, டிரிப்ஸ் போட்டு எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து அங்கிருந்த சிஸ்டர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "கூட ஆள் இருக்கா?"

"நான்தான் சிஸ்டர், மருமகள்" என்றேன். உடனே என் கையில் ரத்தக் குப்பியையும் ஒரு சீட்டையும் கொடுத்து, "லேபுக்குக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வாங்க" என்றார். லேப் வேறு கட்டடம். மழையில் ஓடி, வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ரிப்போர்ட் வாங்க மறுபடி ஓட்டம். அந்த 6 நாளும் இப்படித்தான். காலையில் ஒரு குப்பி, மாலையில் ஒரு குப்பி. டிரிப்ஸ் பாட்டில் காலியாகிறதா என்று பார்ப்பது நான். குடித்த தண்ணீர் எவ்வளவு, போன சிறுநீர் எவ்வளவு என்று எழுதி வைப்பது நான். ஸ்கேனுக்கு சக்கர நாற்காலியைத் தேடிப் பிடித்து வருவதும் நான்.

சக்கர நாற்காலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தவர், லிஃப்ட் வாசலில் நிறுத்திவிட்டு 100 ரூபாய் கேட்டார். அத்தைக்குக் கண் திறக்க முடியவில்லை, பின்னால் இன்னொரு ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது. கொடுத்துவிட்டேன். இன்று வரை அது எனக்கு ஆறவில்லை. 100 ரூபாய் போனதால் இல்லை. முடியாமல் கிடக்கிற ஒரு மனுஷியை நடுவழியில் நிறுத்திவைத்துக் கேட்டதால். மறுநாளிலிருந்து நானே தள்ளினேன்.

இப்போது வார்டுக்கு வருகிறேன். பெண்கள் காய்ச்சல் வார்டு. கட்டில் 40. முதல் நாள் ராத்திரி தூக்கம் வராமல் எண்ணினேன்: நோயாளிகள் 67 பேர். பல கட்டில்களில் இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில், இன்னொருவர் கால்மாட்டில். மீதிப் பேர் தரையில் பாய். அவர்களோடு வந்த எங்களைப் போன்றவர்கள் கட்டிலுக்கு அடியில். நடக்க இடம் இல்லை, சிஸ்டர் ஊசித் தட்டோடு எங்களைத் தாண்டித் தாண்டித்தான் போனார்.

ராத்திரி சிஸ்டர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இங்கே 67 பேருக்கு 2 பேர். அதனால் தயவுசெய்து யாரும் "சிஸ்டருங்க சரியில்லை, எரிந்து எரிந்து விழுவாங்க" என்று எழுதாதீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த இரண்டு பேரில் ஒரு சிஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்மூடிவிட்டு, யாரோ இருமிய சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து ஓடியதைப் பார்த்தேன். அவர் 2015-இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் வந்தவராம். அப்போது மாதம் 7,700 ரூபாய் சம்பளம். 2017 நவம்பரில் சென்னையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ் வளாகத்தில் நர்ஸுகள் உட்கார்ந்து போராடினார்களே, அதில் இவரும் இருந்திருக்கிறார். அப்புறம் சம்பளம் கொஞ்சம் கூடியது, ஆனால் வார்டில் பக்கத்தில் நிற்க இன்னொரு கை வரவில்லை என்றார்.

மருந்துக்குக் குறையே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, மொத்தமாக மருந்து வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறார்கள். ஒரு மாத்திரைகூட வெளியில் வாங்கவில்லை. சாப்பாடு இலவசம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புது மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். கட்டடம் எழுப்பத் தெரிகிறது, மருந்து வாங்கத் தெரிகிறது. ஒரு ரத்தக் குப்பியை எடுத்துக்கொண்டு நடக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட மட்டும் ஏன் மனம் வரவில்லை?

இனி கொசுவலை. இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

டெங்கு பரப்புகிற கொசு பகலில் கடிக்கும். டெங்கு வந்தவரைக் கடித்த கொசு, சில நாள் கழித்து அடுத்தவரைக் கடித்தால் அவருக்கும் வரலாம். அதனால் இந்த வார்டில் பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். வலை கொடுத்தார்கள், புது வலை. ஆனால் கட்ட ஒரு கம்பி இல்லை, ஆணி இல்லை! எல்லோரும் அதைச் சுருட்டித் தலையணையாக வைத்திருந்தார்கள். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் ஜன்னல் கம்பி இருக்கிறது, எதிர்ப் பக்கம் சுவரோடு ஒரு பழைய குழாய் ஓடுகிறது. இது நம் பாகற்பந்தல் கணக்குதானே?

ஆஸ்பத்திரி வாசல் கடையில் நைலான் கயிறு கேட்டால் 10 மீட்டர் 90 ரூபாய் என்றார். அதே கயிறு, அதே நீலம், பந்தலுக்கு நான் 40 ரூபாய்க்கு வாங்கியது! வீடியோவில் காட்டியிருக்கிறேன். அவசரத்துக்கு வருகிறவர்களிடம் விலை ஏற்றுகிற கடைகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதே கடையில் பப்பாளி இலைச்சாறு என்று ஒரு சின்ன பாட்டில் 120 ரூபாய்க்கு விற்கிறார்கள், பாவம் சனங்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, இரும்புக் கடையில் 30 மீட்டர் வாங்கினேன். 130 சொன்னார், பேசி 115-க்கு வாங்கினேன்.

வந்து, ஜன்னல் கம்பியிலிருந்து குழாய் வரை முதல் கயிற்றை விறைப்பாக இழுத்தேன். முடிச்சு எது தெரியுமா? இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் விட்டு இழுக்கிற முடிச்சு. புடலை வீடியோவில் அத்தை "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அதேதான். அந்த ஒரு கயிற்றில் வரிசையாக வலைகளின் மேல் காதுகளைக் கோர்த்துவிட்டால் போதும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கயிற்றோடு ஓரமாகத் தள்ளிவிடலாம். சாயங்காலத்துக்குள் 11 கட்டிலுக்கு வலை ஏறிவிட்டது. ஆயாம்மா ஒருவர் கூடவே நின்று பிடித்துக்கொடுத்தார். அத்தை வலைக்குள்ளிருந்து கயிற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார்கள். நாலு நாளில் அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வலை கட்டும்போதுதான் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். 70 வயதுக்கு மேல் இருக்கும். மூலையில், தரையில். கோயில் வாசலில் காய்ச்சலோடு கிடந்தவரை யாரோ 108-இல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு ரத்தக் குப்பி, அதைச் சுற்றி ஒரு சீட்டு. எடுத்துப் பார்த்தால் அன்று காலை எடுத்த ரத்தம். மாலை 5 மணி. லேபுக்குப் போகவே இல்லை. கேஸ் ஷீட்டில் "கூட இருப்பவர்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது.

ஆள் இருந்தால் குப்பி லேபுக்குப் போகும். ஆள் இல்லாவிட்டால் குப்பி அங்கேயே கிடக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதைக் கொண்டு போவது யார் வேலை என்றே அந்த வார்டில் யாருக்கும் வரையறுத்துச் சொல்லவில்லை. 6 நாளாக நான் ஓடிக்கொண்டிருந்தது அத்தைக்காக என்று நினைத்தேன். நான் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. சம்பளம் போட்டு ஒருவர் பார்க்க வேண்டிய வேலை.

சிஸ்டரிடம் சொல்லிப் புதிதாக ரத்தம் எடுக்க வைத்து, நானே கொண்டுபோனேன். வந்து பாட்டியைத் தொட்டால் காய்ச்சல் இல்லை. "பரவாயில்லையே, விட்டுடுச்சே" என்று நினைத்தேன். ஆனால் கை ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறது, நெற்றியில் வேர்வை. அன்று காலைதான் பயிற்சி டாக்டர் பொண்ணு எனக்கு விளக்கியிருந்தார்: டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்கும், கை கால் சில்லிடும். தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, பி.சி.வி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பொண்ணு எனக்கு அதைச் சொன்னதே நான் மூன்று தடவை கேட்ட பிறகுதான். இதை வார்டு சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் எத்தனை உயிர் பிழைக்கும்!

கத்தினேன். அதே டாக்டர் பொண்ணு செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. பத்து நிமிஷத்தில் டிரிப்ஸை வேகமாக ஏற்றி, பாட்டியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் நான். லிஃப்டில் பாட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டு "தாயி, நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

அத்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்று நான் ஆர்.எம்.ஓ, அதாவது நிலைய மருத்துவ அலுவலர், அறைக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று கேட்டிருக்கிறேன். ரத்தக் குப்பி எடுத்துப் போக வார்டுக்கு ஓர் ஆள். கொசுவலை கட்ட நிலையான கம்பி. கூட ஆள் இல்லாத நோயாளிகளின் பெயரைத் தனியாக எழுதி, ஷிஃப்ட் மாறும்போது அவர்களை முதலில் பார்க்கிற வழக்கம். அவர் பொறுமையாகப் படித்தார். "ஆள் பற்றாக்குறைதாம்மா, எழுதி அனுப்பியிருக்கோம்" என்றார். கம்பிக்கு மட்டும் உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, மாதம் ஒரு தடவை போய்க் கேட்பேன்.

நேற்று ராத்திரி 9 மணிக்கு வார்டிலிருந்து போன். பாட்டி தீவிர சிகிச்சையிலிருந்து திரும்ப வந்துவிட்டாராம். சிஸ்டர்தான் பேசினார். கேஸ் ஷீட்டில் "இல்லை" என்பதை அடித்துவிட்டு என் நம்பரை எழுதியிருக்கிறாராம். கோபப்படாதீங்க என்றார். திங்கட்கிழமை பாட்டியை அனுப்புகிறார்கள், ஒரு முதியோர் இல்லத்தில் பேசி இடமும் பார்த்துவிட்டார்கள். அழைத்துப் போகக் கூட ஓர் ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை காலை 7 மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அத்தை வரக்காப்பி போட்டு ஃபிளாஸ்கில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பாட்டிக்கு. மீதிக் கயிறு 8 மீட்டர் இருக்கிறது. கம்பி இன்னும் வரவில்லை என்றால் அதையும் கட்டிவிட்டு வருகிறேன்.